பவளப்பாறை மீன்களில் நெருங்கிய இனங்களைப் பிரித்தறிதல்: எந்த முறையை எதுவரை நம்பலாம்?

பவளப்பாறை மீன்களை ஆராயத் திட்டமிடும் எவரும் கடலில் இறங்குவதற்கு முன்பே ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு மீன்கள் ஒரே இனத்தவையா, இரு வேறு இனங்களா என்பதை எந்தச் சான்றைக் கொண்டு தீர்மானிப்பது என்பதே அந்த முடிவு. துடுப்பு முட்களையும் செதில்களையும் எண்ணிப் பார்க்கும் பழைய வழி இருக்கிறது. உயிருள்ளபோது காணும் நிறத்தைப் படமெடுத்து ஒப்பிடும் வழி இருக்கிறது. செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் சிறு உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள மரபணுவின் ஒரு சிறு துண்டைப் படிக்கும் டி.என்.ஏ. பார்கோடு முறையும், மரபணுத்தொகுதி முழுவதையும் படிக்கும் முறையும், கடலடியில் எந்த மீன் எதனோடு இணைசேர்கிறது என்று பொறுமையாகக் கவனிக்கும் முறையும் இருக்கின்றன. பணமும் காலமும் ஆட்களும் எல்லாவற்றுக்கும் போதுமானவையாக அமைவது அரிது என்பதால், எதை முதலில் செய்வது, எதைப் பின்னுக்குத் தள்ளலாம் என்பது இளம் ஆய்வாளர்களுக்கு உண்மையிலேயே கடினமான கேள்வி.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வழிகளில் எதுவும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லத் தக்கதன்று; ஆனால் ஒரே மீனிலிருந்து நிறப்படம், திசுத்துண்டு, முழு உடல் ஆகிய மூன்றையும் எடுத்து வைத்தால், எந்த முறையைப் பின்னால் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு வழி திறந்தே இருக்கும். திசுவை மட்டும் குப்பியில் அடைத்துக்கொண்டு உடலை மீண்டும் கடலில் எறிந்துவிட்டு வரும் பழக்கம் இப்போது பரவி வருவதே என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. ஏன் என்பதை ஒவ்வொரு முறையாகப் பார்த்தால் விளங்கும்.

எண்ணிப் பார்க்கும் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பெர்லினில் வாழ்ந்த மருத்துவர் மார்க்கஸ் பிளாக், தரங்கம்பாடியில் இருந்த சமயப்பணியாளர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் அனுப்பிய மீன்களைக் கொண்டு பல இனங்களுக்குப் பெயரிட்டார். கத்தாழை மீன் குடும்பத்தின் ஜானியஸ் என்ற பேரினப் பெயர் அந்த ஜானைச் சிறப்பித்து வைக்கப்பட்டதே. பிளாக் சேகரித்த மீன்களில் பெரும்பகுதி இன்றும் பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் பெயரிடப்பட்ட மீனின் முதுகு முட்களை இன்று ஒருவர் மறுபடியும் எண்ணிச் சரிபார்க்க முடிகிறது என்றால், அதற்குக் காரணம் உடல் பாதுகாக்கப்பட்டதுதான். முதுகுத் துடுப்பிலும் மலவாய்த் துடுப்பிலும் உள்ள முட்கள், மென்கதிர்கள், உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடான பக்கக்கோட்டில் உள்ள துளையுடைய செதில்கள், எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரியும் முள்ளெலும்புகள் ஆகியவை மீன் இறந்த பின்னும், நிறம் முற்றிலும் வெளுத்த பின்னும் மாறாதவை. செலவும் மிகக் குறைவு. நல்ல நுண்ணோக்கி ஒன்றும் பயிற்சி பெற்ற கண்ணும் போதும்.

இந்த முறை எங்கே தடுமாறுகிறது என்பதற்குக் கோமாளி மீன்களே நல்ல எடுத்துக்காட்டு. ஆம்பிப்ரியான் ஒசெல்லாரிஸ், ஆம்பிப்ரியான் பெர்குலா ஆகிய இரண்டும் ஆரஞ்சு உடலும் மூன்று வெள்ளைப் பட்டைகளும் கொண்டவை. முதலாவதற்கு முதுகுத் துடுப்பில் பெரும்பாலும் 11 முட்கள் இருக்கும், சிலவற்றில் 10. இரண்டாவதற்குப் பெரும்பாலும் 10, சிலவற்றில் 9. ஆகவே கையில் இருக்கும் ஒற்றை மீனுக்கு 10 முட்கள் இருந்தால் அந்த எண் எதையும் முடிவு செய்யாது. பிடித்த இடம் தெரிந்தால் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும். ஒசெல்லாரிஸ் அந்தமான் முதல் தென்கிழக்கு ஆசியா வழியாக வடமேற்கு ஆஸ்திரேலியா வரை வாழ்கிறது. பெர்குலா வடக்குக் குயின்ஸ்லாந்து, நியூகினி, சாலமன் தீவுகள், வனுவாட்டு ஆகிய இடங்களில் வாழ்கிறது. எண்ணிக்கையின் பலம், பல மீன்களை வைத்துப் பார்க்கும்போது வெளிப்படும் போக்கில்தான் இருக்கிறது. அந்தப் போக்கையும் சூழல் மாற்றக்கூடும்: குளிர்ந்த நீரில் வளரும் மீன்களுக்கு முள்ளெலும்புகள் கூடுதலாக அமைவது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கவனிக்கப்பட்டு, ஜோர்டன் விதி என்று பெயர் பெற்றுள்ளது. ஆகவே இரண்டு கடற்பகுதிகளின் மீன்களுக்கிடையே சராசரி எண் சற்று வேறுபடுவதை மட்டும் கொண்டு புதிய இனம் என்று அறிவிப்பது ஆபத்தானது.

எனினும் சில மீன்களுக்கு எண்ணுவதைத் தவிர வேறு நல்ல தொடக்கம் கிடையாது. ஈவியோட்டா என்ற பேரினத்தைச் சேர்ந்த குள்ளக் கோபி மீன்கள் இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை; அவற்றுள் ஒன்றான ஈவியோட்டா சிகிலாட்டாவின் முழு வாழ்நாளே 59 நாட்களுக்குள் முடிந்துவிடுகிறது. இவற்றைப் பிரிக்கத் தலையில் உள்ள உணர்துளைகள் எங்கெங்கே அமைந்துள்ளன, மார்புத் துடுப்பின் கதிர்கள் கிளைக்கின்றனவா என்பவற்றைப் பார்க்க வேண்டும். துளைகள் கண்ணுக்குத் தெரிவதற்காக மீனை நீலச் சாயத்தில் சற்று நேரம் ஊறவைப்பது வழக்கம். இத்தகைய வேலையை ஆய்வகத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஆண்டுகள் ஆகும், கற்றவர்களின் எண்ணிக்கையோ குறைந்துகொண்டே வருகிறது.

நிறத்தைக் கொண்டு பிரிக்கும் முறை பவளப்பாறை மீன்களுக்கே உரியது என்று சொல்லலாம், ஏனெனில் இம்மீன்களில் பலவற்றுக்கு எண்களெல்லாம் ஒத்துப்போய், நிறம் ஒன்றே வேறுபாடாக நிற்கும். உடல் அழுகாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் இட்ட மீன் சில நாட்களில் நிறமிழந்துவிடும் என்பதால், பிடித்தவுடன் துடுப்புகளை விரித்துக் குண்டூசியால் நிறுத்திப் படமெடுக்கும் வழக்கத்தை ஹவாயின் ஜான் ராண்டல் பரவலாக்கினார். 2020-இல் 95 வயதில் மறைந்த அவர் 800-க்கும் மேற்பட்ட மீன் இனங்களை விவரித்தவர். அவருடைய படங்கள் இல்லாமல் இன்றைய பவளப்பாறை மீனியலை நினைத்துப் பார்க்கவே முடியாது. இந்த முறைக்கு மீனைக் கொல்ல வேண்டிய தேவையும் பல நேரங்களில் இல்லை. நீருக்கடியில் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான மீன்களைப் பதிவு செய்யலாம் என்பதால், பாறைகளின் நிலையைக் கண்காணிக்கும் கணக்கெடுப்புகள் பெரும்பாலும் கண்ணால் காணும் நிறத்தையே நம்பியிருக்கின்றன.

ஆனால் நிறம் இரண்டு திசைகளிலும் ஏமாற்றும். ஒரே இனத்துக்கு இரண்டு நிறங்கள் இருப்பது முதல் வகை. கரீபியன் கடலின் கிளிமீன்களில் ஒன்றான ஸ்பாரிசோமா விரிடியின் முதிர்ந்த ஆண் பச்சை நிறமானது. பெண்ணும் முதிரா நிலையும் சிவப்பும் பழுப்பும் கலந்தவை. மேலே சொன்ன பிளாக்கே அந்தச் சிவப்பு மீனுக்கு 1791-இல் தனி இனப் பெயர் கொடுத்துவிட்டார். பெண்ணாக வாழ்ந்து பின்னர் ஆணாக மாறும் மீன்கள் நிறைந்த குடும்பம் அது என்பது தெரிய வந்த பிறகே இத்தகைய பெயர்கள் பல நீக்கப்பட்டன.

இரண்டாவது வகை இதைவிட நுட்பமானது. நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது மீனின் கண்ணுக்கு வேறாகத் தெரியலாம். ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் உல்ரிக்கே சீபெக்கும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், போமாசென்ட்ரஸ் அம்போயினென்சிஸ் என்ற மஞ்சள் மீன், தன்னைப் போலவே மஞ்சளாக இருக்கும் போமாசென்ட்ரஸ் மொலுக்கென்சிஸிடமிருந்து தன் இனத்தைப் புறஊதா ஒளியில் மட்டும் தெரியும் முகக்கோலங்களைக் கொண்டு பிரித்தறிவது காட்டப்பட்டது. புறஊதாக் கதிரைத் தடுக்கும் வடிகட்டியை இடையில் வைத்தபோது அந்த வேறுபாட்டை அம்மீனால் காண முடியவில்லை. மனிதக் கண்ணின் வில்லை புறஊதாக் கதிரை உள்ளே விடுவதில்லை. சாதாரணக் கேமராவும் அதைப் பதிவதில்லை. எனவே 'நிறத்தில் வேறுபாடு இல்லை' என்று ஆய்வறிக்கையில் எழுதும்போது, யாருடைய கண்ணுக்கு என்ற வரம்பும் அதனுடன் சேர்த்து எழுதப்பட வேண்டும் என்பது என் கருத்து.

இத்தனை குழப்பங்களுக்கும் ஒரே விடை என்ற எதிர்பார்ப்போடு வந்தது டி.என்.ஏ. பார்கோடு. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட் 2003-இல் முன்வைத்த இந்த முறையில், மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.ஐ. என்ற மரபணுவில் ஏறத்தாழ 650 எழுத்துகள் (டி.என்.ஏ.வின் அடிப்படை அலகுகள்) கொண்ட ஒரு துண்டு மட்டும் படிக்கப்பட்டுப் பொதுத் தரவுத்தளத்துடன் ஒப்பிடப்படுகிறது. 2005-இல் ராபர்ட் வார்டு குழுவினர் ஆஸ்திரேலியாவின் 207 மீன் இனங்களை இம்முறையில் ஆராய்ந்தபோது, ஓர் இனத்துக்குள் சராசரி வேறுபாடு 0.39 விழுக்காடாகவும், ஒரே பேரினத்தின் இனங்களுக்கிடையே 9.93 விழுக்காடாகவும் இருந்தது. இந்தியாவிலும் 115 கடல் மீன் இனங்களின் பார்கோடுகள் 2011-இல் வெளியிடப்பட்டன. முட்டை, குஞ்சு, வெட்டிய துண்டு, மீன் விழுங்கிய மீன் என எந்த நிலையிலும் அடையாளம் காண முடிவது இம்முறையின் பெரும் வலிமை. துடுப்பும் தலையும் நீக்கப்பட்டு வரும் மீன் துண்டு சொல்லப்பட்ட இனம்தானா என்று சோதிக்கும் அலுவலருக்கு, இதைவிட நல்ல கருவி இன்று இல்லை.

ஆயினும் சராசரிகள் மிக நெருங்கிய இனங்களைப் பற்றி எதையும் உறுதி அளிப்பதில்லை, நம் கேள்வியோ அவற்றைப் பற்றியதுதான். மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வருவது. இரண்டு இனங்கள் எப்போதோ கலந்து, கலப்பின வழிவந்த பெண் மீன்கள் தலைமுறை தலைமுறையாக ஓர் இனத்தின் ஆண்களோடே இணைந்து வந்தால், உடல் முழுவதும் ஓர் இனமாகவும் மைட்டோகாண்ட்ரியா மட்டும் வேறோர் இனமாகவும் நிலைத்துவிடும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் வணிக மதிப்புள்ள இரண்டு கலவா மீன்களில் இப்படித்தான் நடந்திருக்கிறது. புளெக்ட்ரோபோமஸ் லியோபார்டஸ் உடலெங்கும் குண்டூசித் தலை அளவுப் புள்ளிகள் கொண்டது. புளெக்ட்ரோபோமஸ் மாக்குலேட்டஸின் புள்ளிகள் சற்றுப் பெரியவை, தலையில் நீண்டும் இருப்பவை. மேற்கு ஆஸ்திரேலியாவில் இவ்விரண்டையும் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. தெளிவாகப் பிரிக்கிறது. கிழக்குக் கரையின் பெருந்தடுப்புத் திட்டிலோ, மாக்குலேட்டஸ் மீன்கள் லியோபார்டஸின் மைட்டோகாண்ட்ரியாவைத் தாங்கியிருக்கின்றன. அங்கே பார்கோடை மட்டும் நம்பும் ஒருவர், கண்ணுக்கு எதிரே தெரியும் இரண்டு மீன்களை ஒன்றென எழுதிவிடுவார்.

குள்ளத் தேவதை மீன்கள் இதைவிடக் கடுமையான பாடம் புகட்டுகின்றன. சென்ட்ரோபைஜ் ஃபிளாவிசிமா எலுமிச்சை மஞ்சள் நிறமானது. பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் இடைவெளியோடு இரண்டு பகுதிகளாக வாழ்கிறது. கிழக்கு இந்தியப் பெருங்கடலில் அது, சாம்பல் உடலில் மெல்லிய ஆரஞ்சுக் கோடுகள் கொண்ட சென்ட்ரோபைஜ் எய்ப்லியுடனும், மேற்குப் பசிபிக்கில், முன்பாதி சாம்பலும் பின்பாதி கறுப்புமான சென்ட்ரோபைஜ் விரோலிக்கியுடனும் கலக்கிறது. ஜோசப் டிபாட்டிஸ்டா குழுவினர் 2012-இல் இவற்றின் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வை ஒப்பிட்டபோது மூன்று ஆழமான கிளைகள் கிடைத்தன, அவற்றுக்கிடையே வேறுபாடு 7 விழுக்காட்டுக்குக் குறையவில்லை. ஆனால் அந்தக் கிளைகள் நிறத்தையோ இனப் பெயரையோ பின்பற்றவில்லை, இடத்தைப் பின்பற்றின. இந்தியப் பெருங்கடலின் மஞ்சள் மீன், பசிபிக்கின் மஞ்சள் மீனைவிட, தன் அருகே வாழும் சாம்பல் நிற எய்ப்லிக்கே மைட்டோகாண்ட்ரிய வழியில் நெருக்கமாக இருந்தது. தென் பசிபிக்கின் சொசைட்டி தீவுகளில் உள்ள மஞ்சள் மீன்களோ தனிக் கிளையாக நின்றன. இரண்டு, மூன்று விழுக்காட்டைத் தாண்டினாலே புதிய இனம் என்று எல்லை வகுத்துக்கொள்ளும் ஆய்வாளர் இங்கே மூன்று இனங்களை அறிவித்திருப்பார், அவற்றில் எதுவும் கடலில் நாம் காணும் எந்த மீனோடும் பொருந்தியிருக்காது. பார்கோடை முதற்சல்லடையாகப் பயன்படுத்தலாம், தீர்ப்பாகப் பயன்படுத்தக் கூடாது என்று நான் வலியுறுத்துவதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

மீனைத் தொடாமலே கடல்நீரை மட்டும் அள்ளி அதில் மிதக்கும் டி.என்.ஏ.வைப் படிக்கும் முறையும் இப்போது பரவலாகப் பேசப்படுகிறது. 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் உருவாக்கிய மிஃபிஷ் என்ற பகுதி ஏறத்தாழ 170 எழுத்துகளே கொண்டது. ஓரிடத்தில் எந்தெந்தப் பேரினங்கள் உள்ளன என்று விரைவாக அறிய அது மிகச் சிறந்தது. நெருங்கிய இனங்களைப் பிரிக்கும் தேவைக்கு அதை நம்ப வேண்டாம்.

மரபணுத்தொகுதி முழுவதையும் படிப்பது எந்த அளவுக்கு உதவும் என்பதை அறிய கரீபியனின் ஹாம்லெட் மீன்களைப் பார்க்க வேண்டும். ஹைப்போபிளெக்ட்ரஸ் என்ற இப்பேரினத்தின் மீன்கள் ஒரே பாறையில் அருகருகே வாழ்கின்றன. முட்களின் எண்ணிக்கையும் உடல் வடிவமும் ஏறத்தாழ ஒன்றே. நிறம் மட்டும் கறுப்பு, நீலம், மஞ்சள், பட்டையிட்டது எனத் தெளிவாக வேறுபடும். மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. இவற்றைப் பிரிப்பதில்லை. ஆகவே இவை ஒரே இனத்தின் நிறவேறுபாடுகளே என்று கருதியவர்களும் இருந்தனர். ஆனால் மாலைப்பொழுதில், கதிரவன் மறையும் முன்னர், நீருக்கடியில் காத்திருந்து கவனித்தவர்கள் கண்டது வேறு. ஒவ்வொரு மீனும் ஒரே நேரத்தில் ஆணாகவும் பெண்ணாகவும் இருக்கும் இவ்வினங்களில், இணைகள் மாறிமாறி முட்டையிட்டுக் கருவுறச் செய்கின்றன. அந்த இணைகள் மிகப் பெரும்பாலும் ஒரே நிறத்தவை, கலப்பு இணைகள் அரிது. 2019-இல் காஸ்பர் ஹென்ச், ஆஸ்கர் புயேப்லா முதலியோர் பெலீஸ், ஹோண்டுராஸ், பனாமா ஆகிய மூன்று இடங்களிலிருந்து கறுப்பு, பட்டை, வெண்ணெய் என்று அழைக்கப்படும் ஹாம்லெட்டுகள் உட்பட 110 மீன்களின் மரபணுத்தொகுதிகளைப் படித்தபோது, தொகுதியின் பெரும்பகுதியில் வேறுபாடே இல்லை என்பதும், ஒருசில குறுகிய இடங்களில் மட்டும் வேறுபாடு குவிந்துள்ளது என்பதும் தெரிந்தன. அந்த இடங்களில் பார்வைக்கும் நிறத்துக்கும் உரிய மரபணுக்கள் அமைந்திருந்தன. இணையை நிறத்தால் தேர்ந்தெடுக்கும் மீன்களில், நிறத்தை உண்டாக்கும் மரபணுவும் நிறத்தைக் காணும் மரபணுவும் சேர்ந்தே பிரிந்து நிற்பது எவ்வளவு பொருத்தமானது! இந்தக் கண்டுபிடிப்பை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

இந்த வரிசையையும் கவனிக்க வேண்டும். மரபணுத்தொகுதி ஆய்வு எதைத் தேட வேண்டும் என்று சொன்னவை நிறமும் இணைசேரும் நடத்தையும்தான். நூற்றுக்கணக்கான மீன்களின் மரபணுத்தொகுதிகளை வெறுமனே படித்து, சராசரி வேறுபாட்டை மட்டும் கணக்கிட்டிருந்தால், ஹாம்லெட்டுகள் ஒரே இனம் என்ற முடிவே உறுதிப்பட்டிருக்கும். மேலும், உயர்தரத் திசுவும் கணினித் திறனும் நீண்ட பகுப்பாய்வும் தேவைப்படும் முறை இது. செலவு ஆண்டுதோறும் குறைந்து வந்தாலும், சிறிய ஆய்வகம் ஒன்று முதற்படியாக மேற்கொள்ளத் தக்கதாக நான் கருதவில்லை. பார்கோடும் உடலமைப்பும் ஒன்றோடொன்று முரண்படும் இடத்தில் அதைக் கையாளுவதே பணத்துக்குரிய பயனைத் தரும்.

நடத்தையைக் கவனிக்கும் முறையைப் பலர் இப்பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. அது தவறு என்று நினைக்கிறேன். ஒரே இடத்தில் வாழும் இரண்டு வடிவங்கள் தனித்த இனங்களா என்பதற்கு, அவை தங்களுக்குள் இணைகின்றனவா என்பதைவிட நேரடியான சான்று வேறில்லை. ஆனால் வெவ்வேறு கடல்களில் வாழும் மீன்களுக்கு இந்தச் சோதனையே பொருந்தாது, ஆழத்தில் இணைசேரும் மீன்களுக்கும் திறந்த நீரில் முட்டைகளை விட்டுச் செல்லும் பெரிய கூட்டங்களுக்கும் இது எளிதன்று.

இனி, யாருக்கு எது பொருத்தம் என்ற கேள்விக்கு வருவோம். சந்தையிலும் துறைமுகத்திலும் மீன் துண்டுகளை அடையாளம் காண வேண்டியவருக்குப் பார்கோடே முதல் தேர்வு. ஆனால் தம் பகுதியில் மைட்டோகாண்ட்ரியக் கலப்பு அறியப்பட்ட மீன்கள் எவை என்ற பட்டியலை அவர் அருகில் வைத்திருக்க வேண்டும். பாறைகளின் மீன்வளத்தை ஆண்டுதோறும் கணக்கெடுப்பவர் நிறத்தை நம்பலாம். உறுதியில்லாத மீனைப் பேரின அளவில் மட்டும் பதிவு செய்வது, தவறான இனப் பெயரை எழுதுவதைவிட எப்போதும் மேலானது. புதிய இனத்தை விவரிக்க விரும்புபவருக்குத் தேர்வு என்பதே இல்லை: எண்ணிக்கை, நிறம், டி.என்.ஏ. மூன்றும் வேண்டும். விலங்குப் பெயரிடல் விதிகளின்படி 2000-ஆம் ஆண்டு முதல், புதிய இனத்தை அறிவிப்பவர் அப்பெயரைத் தாங்கும் மாதிரியை வெளிப்படையாகக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

சங்கரா மீன் குடும்பத்தைச் சேர்ந்த லுட்ஜானஸ் இண்டிகஸ் இதற்கு நம் கடலுக்கே உரிய சான்று. இந்தியப் பெருங்கடலின் இம்மீன் நெடுங்காலம் லுட்ஜானஸ் ரஸ்ஸெல்லி என்றே எழுதப்பட்டு வந்தது. 2013-இல் ஜெரால்டு ஆலன், வில்லியம் ஒயிட், மார்க் எர்ட்மன் ஆகியோர் அதைத் தனி இனமாகப் பிரித்தனர். விசாகப்பட்டினத்தில் மீன்களை ஆராய்ந்து 1803-இல் நூல் வெளியிட்ட பேட்ரிக் ரஸ்ஸலின் நினைவாக அமைந்த பழைய பெயர், பசிபிக் பக்கத்து மீனுக்கே நிலைத்துவிட்டது. பழைய பட்டியல்களில் ரஸ்ஸெல்லி என்று இருக்கும் பதிவுகளில் எவை எந்த இனம் என்று இன்று திரும்பிப் பார்க்க, அந்த மீன்களின் உடல்கள் எங்கேனும் பாதுகாக்கப்பட்டிருந்தால்தான் முடியும்.

ஆகவே களத்தில் செய்ய வேண்டிய வேலையின் வரிசை இதுவே. மீனைப் பிடித்தவுடன் படமெடுக்க வேண்டும், ஃபார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைக்கும் என்பதால், அதில் இடுவதற்கு முன்பே வலப்பக்கத் துடுப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி 95 விழுக்காடு எத்தனாலில் சேமிக்க வேண்டும். பிறகு உடலை ஃபார்மலினில் இட்டு அழுகாதபடி நிலைப்படுத்தி, ஆல்கஹாலுக்கு மாற்றி, படம், குப்பி, உடல் மூன்றுக்கும் ஒரே எண்ணை எழுதி, பொதுச் சேகரிப்பு ஒன்றில் ஒப்படைக்க வேண்டும். அளவீடுகள் வழக்கமாக இடப்பக்கத்தில் எடுக்கப்படுவதால் அப்பக்கம் சிதையாமல் இருப்பது முக்கியம். பணம் குறைந்தால் ஓரிடத்தில் எடுக்கும் மீன்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், படிக்கும் மரபணுக்களைக்கூடக் குறைக்கலாம். இடங்களின் எண்ணிக்கையை மட்டும் குறைக்கக் கூடாது. கலவா மீன்களின் மைட்டோகாண்ட்ரியக் கலப்பும், தேவதை மீன்களின் மூன்று கிளைகளும், ஓரிடத்து மீன்களை மட்டும் ஆராய்ந்திருந்தால் ஒருபோதும் வெளிப்பட்டிருக்காது. ஓரிடத்தில் முப்பது மீன்களை எடுப்பதைவிட, பரவல் எல்லையின் இரு முனைகளையும் உள்ளடக்கி ஆறு இடங்களில் ஐந்தைந்தாக எடுப்பதையே நான் பரிந்துரைப்பேன்.